இனிப்பு முதலில், மட்சா பிறகு: வாசகர் கேள்வி பதில்

ஜப்பானின் மரபான இனிப்பு வகைகளுக்கு வகாஷி என்று பெயர். அந்தக் கடைகளுக்குப் போவது பற்றியும், அங்கே இனிப்போடு தரப்படும் மட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூள் தேநீர் பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கே: முதல் முறையாகக் கியோட்டோ போகிறோம். வகாஷி கடைக்குள் நுழைந்ததும் என்ன செய்ய வேண்டும்? ஜப்பானிய மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

ப: வாசலில் நோரென் என்ற துணித் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். அதைக் கையால் லேசாக விலக்கிக்கொண்டு உள்ளே போகலாம். முன்பக்கம் கண்ணாடிப் பெட்டியில் அன்றைய இனிப்புகள் இருக்கும். உட்கார்ந்து சாப்பிடும் இடம் பெரும்பாலும் பின்னாலோ மாடியிலோ இருக்கும். எல்லாக் கடைகளிலும் அந்த வசதி கிடையாது. அதனால் நுழைந்தவுடன் உட்காரும் சைகை காட்டிக் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் பெட்டியில் இருப்பதைக் காட்டித் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய் உட்கார வேண்டும், சில இடங்களில் மேசைக்கே பட்டியல் வரும்.

விரலால் சுட்டாமல் உள்ளங்கையை விரித்து இனிப்பைக் காட்டி, “கொரே, ஒனெகாய்ஷிமாஸ்” என்றால் போதும். ‘இது, தயவுசெய்து’ என்று அர்த்தம். தேநீரும் சேர்த்து வேண்டுமானால் “ஒமட்சா செத்தோ” என்று கேளுங்கள். ஒரு இனிப்பும் ஒரு கிண்ணம் மட்சாவும் பெரும்பாலும் 1,000 முதல் 1,500 யென்னுக்குள் அடங்கும். பெயர்பெற்ற கடைகளில் கூடலாம். அதே இனிப்பைக் கட்டி எடுத்துப்போனால் நுகர்வு வரி 8 சதவீதம், உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம். பில்லில் விலை மாறித் தெரிகிறதே என்று குழம்ப வேண்டாம்.

டிப்ஸ் வைக்கும் பழக்கம் இல்லை. ஒரே ஒரு இனிப்பு வாங்குவதில் கூச்சப்பட வேண்டியதும் இல்லை, அதையும் அழகாகக் கட்டித் தருவார்கள். பழைய கடைகள் சிலவற்றில் அட்டை செல்லாது, ரொக்கம் வைத்திருங்கள். ஈரப்பதமான இனிப்புகளை அன்றன்றைக்கு அளவாகத்தான் செய்வார்கள். மதியத்துக்கு மேல் போனால் நல்லவை தீர்ந்திருக்கும், முற்பகலிலேயே போய்விடுங்கள்.

கே: பூ வடிவ இனிப்பு முதலில் வந்தது, தேநீர் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் காத்திருந்தோம். ஒரு கடி, ஒரு மடக்கு என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டதில் கடைசியில் மட்சா ஒரே கசப்பு. சர்க்கரை கேட்டதும் பணிப்பெண் திகைத்துவிட்டார். எங்கே தவறினோம்?

ப: வரிசையில். இனிப்பு வந்ததும் அதை முழுவதும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், அதன் பிறகுதான் தேநீர். உங்கள் மட்சாவுக்கான சர்க்கரை முழுவதும் அந்தத் தட்டிலேயே வந்துவிட்டது, கிண்ணத்தில் ஒரு துளிகூட இருக்காது. இனிப்பில் உள்ள, மாவாக மசித்த பயறு நாக்கில் கரைந்து மெல்லிய இனிப்புப் படலமாகத் தங்கும். மட்சாவின் கசப்பும், தியானின் என்ற அமினோ அமிலம் தரும் குழம்பு போன்ற அடர்ந்த சுவையும் அந்தப் படலத்தின் மேல் வந்து விழ வேண்டும். மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் ஒவ்வொரு மடக்கும் அந்த இனிப்பைக் கழுவிவிடும். கடைசி மடக்கில் வெறும் கசப்புதான் மிஞ்சும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

சாப்பிடும் முறையும் எளிது. தட்டில் பட்டையோடு கூடிய சிறிய மரக்குச்சி ஒன்று இருக்கும். அதன் பெயர் குரோமோஜி, அந்த மரத்தின் பெயரும் அதுவே. முகர்ந்து பாருங்கள், லேசான வாசனை உண்டு. குச்சியின் தட்டையான பக்கத்தால் இனிப்பை நேராக அழுத்தி மூன்று நான்கு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றாகக் குத்தி எடுங்கள். முதல் வெட்டிலேயே உள்ளே வேறு நிறப் பயறு தெரியும். அதைப் பார்ப்பதும் அனுபவத்தில் ஒரு பங்கு. முழுசாகக் குத்தித் தூக்கிக் கடித்தால் உருக்குலைந்து மடியில் விழும். உலர் இனிப்பாக இருந்தால் விரலாலேயே எடுக்கலாம்.

தேநீர் வந்த பின் ஆறப் போடாதீர்கள். மட்சாவின் தூள் நீரில் கரைவதில்லை, மிதக்கத்தான் செய்கிறது. ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் நுரை அடங்கி, தூள் அடியில் சேறாகப் படிந்துவிடும். மூன்று நான்கு மடக்கில் குடித்துவிடுங்கள். கடைசி மடக்கைச் சத்தமாக உறிஞ்சலாம், ‘ருசித்து முடித்தேன்’ என்பதற்கு அதுதான் அடையாளம்.

சர்க்கரை கலந்த மட்சா வேண்டுமென்றால் அது மட்சா லாட்டே என்ற தனிப் பானம். பாலும் சர்க்கரையும் சேர்த்தே தருவார்கள். அதைக் கேட்பதிலும் குற்றமில்லை, ஆனால் அதோடு வகாஷி சாப்பிடாதீர்கள். திகட்டிவிடும்.

கே: கிண்ணத்தைக் கையில் வைத்துச் சுற்றுகிறார்களே, நாமும் செய்ய வேண்டுமா?

ப: கடையில் கட்டாயமில்லை, செய்தால் மகிழ்வார்கள். கிண்ணத்தின் மிக அழகான பக்கம், அதாவது அதன் முகம், உங்களை நோக்கி இருக்கும்படி வைப்பார்கள். அந்த முகத்தில் வாய் வைப்பது மரியாதையில்லை என்பதால்தான் சுற்றுகிறார்கள். வலது கையால் எடுத்து இடது உள்ளங்கையில் அமர்த்துங்கள். வலது கையால் கடிகாரச் சுற்றில் இரண்டு முறை சிறிது சிறிதாகத் திருப்பிவிட்டுக் குடியுங்கள். குடித்த பின் வாய் பட்ட இடத்தை விரலால் துடைத்து, எதிர்ச்சுற்றில் திருப்பி, முகம் பழையபடி உங்கள் பக்கம் வரும்படி வையுங்கள். பெரிய மோதிரம், வளையல், கைக்கடிகாரம் போட்டிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். கிண்ணங்கள் சில மிகப் பழையவை, கீறல் விழுந்தால் சரிசெய்ய முடியாது.

பாயில் முட்டி மடித்து உட்கார முடியாதவர்கள் நாற்காலி இருக்கை கேளுங்கள். இப்போது பெரும்பாலான கடைகளில் இருக்கிறது.

கே: நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. வகாஷி எல்லாமே சைவம் என்கிறார்களே, நம்பலாமா?

ப: பாதி நம்பலாம். பயறு, அரிசி மாவு, சர்க்கரை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் கந்தென், குஸு கிழங்கு மாவு ஆகியவைதான் வகாஷியின் அடிப்படை. நெய்யோ பாலோ மரபில் இல்லை. ஆனால் ‘எல்லாமே’ என்று நினைத்துக் கை நீட்டினால் முட்டையில் மாட்டிக்கொள்வீர்கள்.

துணிந்து சாப்பிடக் கூடியவை: யோகான், கந்தென்னும் பயறும் சேர்ந்த கெட்டியான துண்டு. மொனாக்கா, மொறுமொறுப்பான அரிசி ஓட்டுக்குள் பயறு. தைஃபுகு, கொழுக்கட்டை போல, மொச்சி என்ற ஒட்டரிசி மாவுக்குள் பூரணம். குஸுகிரி, கண்ணாடி போன்ற கிழங்கு மாவு இழைகளைக் கருஞ்சர்க்கரைப் பாகில் தொட்டுச் சாப்பிடுவது. மரபான செய்முறையில் இவற்றில் முட்டையோ பாலோ கிடையாது. புதுமையாகக் கிரீம் வைத்த தைஃபுகு இப்போது நிறைய வருவதால், உள்ளே என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டை உள்ளவை: கஸ்தேரா, தோராயாக்கி. இவை பார்த்தாலே கேக் என்று தெரிந்துவிடும். ஏமாற்றுபவை வேறு. கிமி ஷிகுரே என்ற மஞ்சள் உருண்டை, மேலே வெடிப்புவிட்டுப் பயறு மாவு உருண்டை போலவே இருக்கும், ஆனால் அதில் மஞ்சள் கரு உண்டு. உகிஷிமா ஆவியில் வெந்த பயறு கேக், அதிலும் முட்டை உண்டு. அவாயுகி வெண்மையான கந்தென் துண்டு, அந்த வெண்மை முட்டையின் வெள்ளைக் கருவால் வந்தது. மஞ்சு என்பது பூரணம் வைத்த மாவு உருண்டை, சுட்ட மஞ்சுவின் மேல் பளபளப்பு தெரிந்தால் முட்டைக் கரு பூசியிருக்க வாய்ப்பு அதிகம். புதுப் பாணி ஜெல்லிகளில் கந்தென்னுக்குப் பதில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் வரும். மதுவைத் தவிர்ப்பவர்கள் சாகே மஞ்சுவையும் விட்டுவிடுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி: “தமாகோ வா ஹைத்தே இமாஸ் கா?” முட்டை சேர்ந்திருக்கிறதா என்று அர்த்தம். தமாகோவுக்குப் பதிலாகப் பாலுக்கு ‘கியூன்யூ’, ஜெலட்டினுக்கு ‘ஸெராச்சின்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் அடைத்த இனிப்பில் முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை போன்ற ஒவ்வாமைப் பொருள்களை அச்சிடுவது அங்கே சட்டப்படி கட்டாயம். பொட்டலத்தைக் காட்டிக் கேட்டால் விரல் வைத்தே காட்டிவிடுவார்கள்.

இன்னொன்று: இனிப்புக் கடைப் பட்டியலிலேயே ஸோனி என்ற மொச்சி சூப் இருந்தால் அது பெரும்பாலும் மீன் சாற்றில் செய்தது.

கே: ஒரு வாயில் போட்டுக்கொள்ளும் அளவுள்ள இனிப்புக்கு 500 யென்னா? அதில் அப்படி என்ன இருக்கிறது?

ப: ஜோநமகாஷி எனப்படும் உயர்தரப் புத்தினிப்பைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறோம். அதன் வேலை பூரணத்திலிருந்தே தொடங்குகிறது. பயற்றை வேகவைத்து, துவர்ப்பு நீங்க முதல் தண்ணீரைக் கொட்டி, மறுபடி குழைய வேகவைத்து, சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்குவார்கள். பிறகு தெளிந்த நீரில் திரும்பத் திரும்ப அலசித் துணியில் பிழிந்து, அதன் பின்தான் சர்க்கரை சேர்த்துக் கிளறுவார்கள். நாக்கில் ஒரு நொறுங்கல்கூடத் தட்டுப்படாத கோஷியான் அப்படித்தான் வருகிறது. தோலோடு விடுவது ட்சுபுவான்.

வெள்ளைப் பயற்றுப் பூரணத்தோடு ஒட்டரிசி மாவுக் களி சேர்த்துப் பிசைந்தது நெரிகிரி. கியோட்டோவில் களிக்குப் பதில் கோதுமை மாவு கலந்து ஆவியில் வேகவைத்துப் பிசைவார்கள், அது கொனாஷி. கொனாஷி கொஞ்சம் இழுவையாக, கனமாக இருக்கும். நெரிகிரி சட்டென்று கரையும். முதல் முறைக்கு நெரிகிரியைத் தேர்ந்தெடுங்கள் என்பதே எங்கள் யோசனை.

கைவேலையை ஒரு சாமந்திப் பூவில் பார்க்கலாம். சிறிய பயற்று உருண்டையை நடுவில் வைத்து, மேல்மாவை விரல் நுனியால் சுற்றிச் சுற்றி ஏற்றி மூடுகிறார் கைவினைஞர். மாவு எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தரி வைக்கும்போது உள்நிறம் வெளியே வந்துவிடும். பிறகு உருண்டையின் உச்சியில் தொடங்கி, மெல்லிய கத்தரியால் இதழ் இதழாக வெட்டிக்கொண்டு கீழே இறங்குகிறார். ஒரு வரிசையின் இரண்டு இதழ்களுக்கு நடுவில்தான் அடுத்த வரிசையின் இதழ் விழ வேண்டும். ஒன்று தப்பினாலும் வரிசை முழுவதும் கோணல்தான், அழித்துச் சரிசெய்ய வழியில்லை. கியோட்டோவில் 1803இல் தொடங்கிய ட்சுருயா யோஷிநொபு கடையின் மாடியில், கண்ணெதிரே இனிப்பைச் செய்து மட்சாவோடு தருகிறார்கள். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே போகலாம்.

இந்த இனிப்புகள் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும். ஜூனில் நீலமும் ஊதாவுமாக ஹைட்ரேஞ்சியா பூ, இலையுதிர்காலத்தில் சிவந்த மேப்பிள். பெரும்பாலும் பூ மலர்வதற்குச் சற்று முன்பே கடைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், வடிவம் அப்போதுதான் முழுதாகப் புரியும். ஜூன் 30இல் கியோட்டோவில் இருந்தால் மினாஸுகியைத் தவறவிடாதீர்கள். பனிக்கட்டித் துண்டை நினைவூட்டும் வெள்ளை முக்கோணம், மேலே சிவப்புப் பயறு. ஆண்டின் பாதி கழிந்த நாளில் தீட்டு நீங்கச் சாப்பிடுவது.

கே: கியோட்டோவில் வாங்கிய மட்சாவையும் மூங்கில் மத்தையும் வைத்து வீட்டில் செய்தால் கட்டி கட்டியாகிறது, நுரையும் வருவதில்லை. எவ்வளவு அடித்தும் பயனில்லை.

ப: எவ்வளவு அடித்தீர்கள் என்பதைவிட எப்படி அடித்தீர்கள் என்பதே முக்கியம். ஒரு கிண்ணத்துக்கு மட்சா 2 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி தலை தட்டி. தண்ணீர் 70 மில்லி. பலரும் 150 மில்லி ஊற்றிவிடுகிறார்கள். அந்த நீரில் நுரை நிற்காது, சுவையும் நீர்த்துவிடும்.

கட்டிக்குக் காரணம் தூளின் நுண்மை. நிழலில் வளர்த்த இலையின் காம்பும் நரம்பும் நீக்கிக் கல் திரிகையில் அரைக்கிறார்கள். ஒரு திரிகை மணிக்குச் சுமார் 40 கிராம்தான் அரைக்கும். அவ்வளவு நுண்ணிய தூள் மின்னேற்றத்தாலும் ஈரத்தாலும் தானே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மத்தால் அதை உடைக்க முடியாது. மெல்லிய வலையுள்ள தேநீர் வடிகட்டியில் தூளைப் போட்டுக் கரண்டியால் தேய்த்துச் சலித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்து, கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி அதிலேயே மத்தையும் ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். காய்ந்த மூங்கில் இழை வளையாது, ஒடிந்து தேநீரில் விழும். நீரைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை நன்றாகத் துடையுங்கள், ஈரம் இருந்தால் தூள் அடியில் அப்பிக்கொள்ளும். சலித்த தூளைப் போட்டு 80 டிகிரி நீரை ஊற்றுங்கள். வெப்பமானி இல்லையென்றால் கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு முறை மாற்றினால் போதும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுமார் 10 டிகிரி இறங்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும் மேலே வந்துவிடும்.

இனி அடிப்பது. மோர் கடைவது போல் சுழற்றாதீர்கள், பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். சுழற்றினால் நீர் மத்தோடு சேர்ந்து சுற்றுமே தவிர, காற்று உள்ளே போகாது. இடது கையால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, மத்தை நேராக நிறுத்தி, தோளை அசைக்காமல் மணிக்கட்டால் மட்டும் முன்னும் பின்னுமாக வேகமாக இழுங்கள். முதலில் அடியில் தூள் கலக்க மெதுவாக இரண்டு மூன்று முறை, பிறகு அடியிலிருந்து ஒரு மயிரிழை தூக்கிப் பிடித்து வேகமாகப் பதினைந்து இருபது விநாடி. அடியில் அழுத்தித் தேய்த்தால் இழைகள்தான் தேயும். பெரிய குமிழ்கள் தெரிந்தால் மத்தின் நுனியை மேற்பரப்புக்கு உயர்த்தி மெதுவாக அசையுங்கள், குமிழ் உடைந்து மென்நுரையாகும். கடைசியில் நடுவிலிருந்து மெல்ல எடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் நுரை வரவில்லை என்றால், குறுகிய காபிக் கோப்பையில் அடித்திருப்பீர்கள் அல்லது தூள் பழையது. மத்து முன்பின் ஓட அகன்ற கிண்ணம் வேண்டும். தூளின் நிறம் மங்கிப் பழுப்புப் பச்சையாகியிருந்தால் அதைக் குடிக்காமல் கேக்குக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மத்துக்குச் சோப்பு கூடாது. வெந்நீரில் அலசி, திறந்த இடத்தில் உலரவிடுங்கள். வாங்கிய பிளாஸ்டிக் குழலிலேயே ஈரத்தோடு திருப்பி வைத்தால் பூசணம் பிடிக்கும்.

கே: கடையில் மட்சா டப்பா வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ப: உசுச்சாவுக்கா, கொய்ச்சாவுக்கா என்று கேளுங்கள். மேலே சொன்ன நுரைத் தேநீர் உசுச்சா. கொய்ச்சா என்பது 4 கிராம் தூளை 30 அல்லது 40 மில்லி நீரில் நுரையில்லாமல் பாகு போலக் குழைப்பது. அதற்கு விலை கூடிய, கசப்பு குறைந்த தூள் வேண்டும். கொய்ச்சா தூளில் உசுச்சா செய்யலாம், அருமையாக இருக்கும். உசுச்சா தூளில் கொய்ச்சா செய்தால் தொண்டையைப் பிடிக்கும். சமையலுக்கென்று விற்பது இரண்டுக்கும் ஆகாது.

பெரிய டப்பா லாபம் என்று வாங்காதீர்கள். 30, 40 கிராம் டப்பா போதும், திறந்த பிறகு ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். திறக்காத டப்பாவைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்தவுடன் திறந்தால் காற்றின் ஈரம் தூளில் வியர்த்துவிடும். அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து திறங்கள். தேவை அதிகமாகிவிட்டதால் 2024 இலையுதிர்காலத்திலிருந்து பெயர்பெற்ற தேயிலைக் கடைகள் ஓர் ஆளுக்கு இத்தனை டப்பா என்று கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. கேட்ட ரகம் இல்லையென்றால் அடுத்த ரகத்தை அவர்களிடமே கேளுங்கள்.

கே: தைஃபுகு வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தோம், மறுநாள் கல்லாகிவிட்டது. ஊருக்கு எதை எடுத்துப்போகலாம்?

ப: வேகவைத்த அரிசியின் மாவுச்சத்து குளிர்பெட்டியின் வெப்பநிலையில்தான் மிக வேகமாக இறுகும். அன்றே சாப்பிட முடியாவிட்டால் வாங்கிய உடனே இறுகச் சுற்றி உறைபெட்டியில் வைத்து, வெளியே எடுத்து அப்படியே இளகவிடுங்கள். ஏற்கெனவே கல்லாகிவிட்டதை வாணலியில் எண்ணெயில்லாமல் சிறுதீயில் இரண்டு பக்கமும் வாட்டலாம். பூரணம் சூடாகி மேலே லேசாக மொறுமொறுக்கும், அது ஒரு தனி ருசி. மொச்சி எதுவானாலும் முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்கும்.

ஊருக்கு எடுத்துப்போக நெரிகிரி ஆகாது, பெரும்பாலும் அன்றே சாப்பிட வேண்டியது. யோகான்தான் சிறந்தது. திறக்காத பொட்டலம் பல மாதம் நிற்கும். அரிசி மாவும் சர்க்கரையும் அச்சில் அழுத்திய ரகுகான் போன்ற உலர் இனிப்புகளும் தாங்கும், ஆனால் குலுங்கினால் நொறுங்கும். நீர் அதிகமுள்ள மிஸு யோகானை விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். ஜெல்லி கணக்கில் சேர்த்துப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடக்கூடும்.

கே: கியோட்டோ தவிர வேறு எங்கே?

ப: கனஸாவா, மட்சுவே. கியோட்டோவோடு இந்த இரண்டையும் சேர்த்துத்தான் ஜப்பானின் மூன்று பெரும் இனிப்பு ஊர்கள் என்பார்கள். கனஸாவாவின் மொரிஹாச்சி 1625இல் தொடங்கிய கடை, அதன் சோஸெய்தென் என்ற ரகுகான் புகழ்பெற்றது. மட்சுவேயை ஆண்ட மட்சுதைரா ஃபுமாய் தேநீர்க் கலையில் பெரிய ஆசான். அவர் காலத்து ருசி என்று போற்றும் வாகாகுசா, யமாகாவா இரண்டும் இன்றும் அங்கே கிடைக்கின்றன. டோக்கியோவை விட்டு நகர முடியாதவர்களுக்கு அகாசாகாவில் தோராயா இருக்கிறது, அரண்மனைக்கு இனிப்பு செய்த கடை. மட்சாவுக்காகவே போவதானால் உஜி, கியோட்டோவிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம்.

கே: சகுரா மொச்சியைச் சுற்றியிருக்கும் இலையைச் சாப்பிடலாமா?

ப: சாப்பிடலாம். உப்பில் ஊறிய செர்ரி இலை, அந்த உப்பு இனிப்பைத் தூக்கிக் காட்டும். பிடிக்காவிட்டால் உரித்துவிடுங்கள், வாசனை மொச்சியில் ஏறியிருக்கும். மே மாதக் கஷிவா மொச்சியின் ஓக் இலை மட்டும் சாப்பிடுவதற்கில்லை.

கே: மாலையில் மட்சா குடித்தால் தூக்கம் கெடுமா?

ப: கெடலாம். 2 கிராம் தூளில் சுமார் 64 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது, ஒரு சிறிய கோப்பைக் காபிக்குச் சமம். இலையையே முழுசாக விழுங்குகிறோம் என்பதால் வடிகட்டிய பச்சைத் தேநீரைப் போல நினைத்துவிடாதீர்கள். மாலை நான்கு மணிக்கு மேல் இனிப்புக் கடைக்குப் போனால் ஹோஜிச்சா கேளுங்கள். வறுத்த இலைத் தேநீர், கஃபீன் குறைவு, பயற்று இனிப்புக்கும் நன்றாகப் பொருந்தும். குழந்தைகளுக்கும் அதையே லேசாக வாங்கிக் கொடுக்கலாம்.